இரண்டு கம்பியில் இருபது கருவிகள்



மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் எழுந்து தோட்டத்திற்குப் போக வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்து, ஒரு வால்வை அடைத்து, மற்றொன்றைத் திறந்து, மோட்டாரையும் கவனித்துத் திரும்புவதற்குள் விடிந்து விடுகிறது. இச்சிரமத்தைப் போக்கத் தானியங்கிப் பாசன அமைப்புகள் இப்பொழுது விற்பனைக்கு வந்துள்ளன. சொட்டு நீர்ப் பாசனம் அமைத்துள்ளவர்களில் பலர் இவற்றை வாங்க விரும்புகிறார்கள். சிலர் வாங்கியும் விட்டார்கள்.

வாங்குபவர்கள் வால்வின் தரத்தைப் பார்க்கிறார்கள்; பெட்டியின் விலையைப் பேசுகிறார்கள். ஆனால் பெட்டியையும் வால்வுகளையும் இணைக்கும் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. அமைப்பு உழைப்பதும் பழுதாவதும் பெரும்பாலும் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. அந்தக் கம்பியில் கருவிகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசுகின்றன, பேச்சு நின்றுபோனால் என்ன நேரும், அதற்கு முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

தனித்தனிக் கம்பியின் சுமை

ஒரு தோட்டத்தில் எட்டு வால்வுகள் இருப்பதாகக் கொள்வோம். மோட்டார் கொட்டகையிலிருந்து முதல் வால்வு 50 மீட்டர் தொலைவிலும், அதற்கடுத்த ஒவ்வொன்றும் மேலும் 50 மீட்டர் தள்ளியும் வரிசையாக உள்ளன. கடைசி வால்வு 400 மீட்டரில் இருக்கும். ஒவ்வொரு வால்வுக்கும் கொட்டகையிலிருந்து தனித்தனியே கேபிள் இழுத்தால் 50, 100, 150 என்று கூட்டிக்கொண்டே போக, மொத்தம் 1,800 மீட்டர் கேபிள் தேவைப்படும். பொதுக்கம்பி ஒன்றை வைத்துச் சிக்கனம் செய்தாலும் கம்பிகளின் எண்ணிக்கை ஓரளவே குறையும். பிறகு நீர்மட்டக் கருவி ஒன்றும் மண் ஈரமானி இரண்டும் வைக்க விரும்பினால், மறுபடியும் பள்ளம் தோண்டிப் புதிய கம்பி இழுக்க வேண்டும்.

இதற்கு மாறாக, ஒரே கேபிளைக் கொட்டகையிலிருந்து கடைசி வால்வு வரை கொண்டு சென்று, வழியிலுள்ள எல்லாக் கருவிகளையும் அதிலேயே சேர்த்து விட்டால் 400 மீட்டர் போதும். அக்கேபிளில் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு கருவிகளுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு. மற்ற இரண்டு பேச்சுக்கு. இருபது கருவிகள் சேர்ந்தாலும் பேச்சுக்கு அந்த இரண்டு கம்பிகளே போதும்.

இம்முறை எங்கே தோன்றியது?

இது தொழிற்சாலைகளில் தோன்றிய முறை. சர்க்கரை ஆலை, காகித ஆலை, இரசாயன ஆலை போன்றவற்றில் வெப்பமானிகளும் அழுத்தமானிகளும் நூற்றுக்கணக்கில் உண்டு. நெடுங்காலம் ஒவ்வொன்றிற்கும் ஓர் இணைக் கம்பி தனியே இழுக்கப்பட்டது. கருவி காட்டும் அளவு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அக்கம்பியில் வந்து சேரும். மிகக் குறைந்த அளவுக்கு 4, மிக அதிக அளவுக்கு 20. பூச்சியத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்கியதில் நல்ல யுக்தி ஒன்று இருக்கிறது. மின்னோட்டம் பூச்சியமானால் தொட்டி காலி என்று பொருளல்ல. கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். இம்முறை இன்றும் பல ஆலைகளில் வழக்கத்தில் உள்ளது.

பின்னர் கணிப்பொறிக் கட்டுப்பாடு வந்தபோது, ஒரே இணைக் கம்பியில் பல கருவிகளைச் சேர்க்க வழி தேடினார்கள். அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் தனது கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக 1979ஆம் ஆண்டு ‘மோட்பஸ்’ என்ற பேச்சு முறையை வெளியிட்டது. இரு கம்பிகளில் மின்னழுத்தம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் ‘ஆர்.எஸ். 485’ என்ற தரம் 1983ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் மோட்டார் வாகனங்களுக்காக உருவாக்கிய ‘கேன்’ முறை 1986-இல் அறிமுகமாயிற்று. ‘புரொஃபிபஸ்’ முறைக்கான கூட்டு முயற்சி அதே நாட்டில் 1987-இல் தொடங்கிற்று.

இவை எல்லாவற்றிற்கும் பொதுப்பெயர் ‘ஃபீல்டு பஸ்’ என்பதாகும். இங்கு ஃபீல்டு என்பது நம் வயலன்று. ஆலையில் கருவிகள் நிற்கும் களத்தைக் குறிக்கும். பஸ் என்பது எல்லோருக்கும் பொதுவானது என்ற பொருளில் வந்த சொல். எனவே இதனைப் பொதுத் தடம் எனலாம். இன்று நமது தோட்டங்களுக்கு விற்கப்படும் பல அமைப்புகளில் இருப்பது மோட்பஸ் பேச்சும் ஆர்.எஸ். 485 கம்பியுமே. ஆகையால் அவற்றையே விரிவாகப் பார்ப்போம்.

முறைப் பாசனமே இதற்கு உவமை

ஒரு வாய்க்கால், அதில் இருபது பேருக்குப் பாத்தியதை. எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் ஒருவருக்கும் நீர் சரியாகப் பாயாது, சண்டைதான் மிஞ்சும். எனவே ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்பவர் ‘இப்பொழுது உன் முறை’ என்று சொல்லி மடையைத் திறந்து விடுகிறார். அவர் சொல்லாமல் யாரும் மடையில் கை வைப்பதில்லை.

மோட்பஸ் முறையிலும் நடப்பது இதுவே. கொட்டகையிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி தலைமைக் கருவி. அதுவே நீர்க்கட்டி. வால்வு, நீர்மட்டக் கருவி, மண் ஈரமானி, மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் ஆகியவை கிளைக் கருவிகள். தலைமைக் கருவி பெயர் சொல்லிக் கேட்டாலொழிய எந்தக் கிளைக் கருவியும் வாய் திறக்காது. கேட்கப்பட்ட கருவி மட்டும் பதில் சொல்லும். மற்றவை அமைதியாக இருக்கும். பதில் வந்தபின் தலைமைக் கருவி அடுத்ததைக் கேட்கும். கடைசிக் கருவி வரை கேட்டு முடித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு பேச்சில் என்னென்ன இருக்கின்றன?

தலைமைக் கருவி அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் நான்கு பகுதிகள் உண்டு.

1. கருவி எண்: யாரைக் கேட்கிறோம் என்பது. 1 முதல் 247 வரை ஏதேனும் ஓர் எண்ணை ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கலாம். 0 என்று அழைத்தால் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஆணை. அதற்கு எதுவும் பதில் சொல்லாது.

2. பணி எண்: என்ன செய்ய வேண்டும் என்பது. 3 என்றால் ‘உன்னிடமுள்ள அளவைப் படித்துச் சொல்’. 6 என்றால் ‘இந்த அளவை எழுதிக்கொள்’.

3. அறை எண்: எந்த அளவு என்பது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ரிஜிஸ்டர் எனப்படும் எண்ணிட்ட அறைகள் உண்டு. ஓர் அறையில் நீர்மட்டம், இன்னோர் அறையில் வெப்பநிலை என்று வைக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் 0 முதல் 65,535 வரையுள்ள ஒரு முழு எண் அடங்கும்.

4. சரிபார்ப்பு எண்: செய்தி வழியில் கெடாமல் வந்ததா என்று அறிவது. லாரியில் மூட்டை ஏற்றி அனுப்பும்போது மொத்த எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி அனுப்புகிறோம் அல்லவா? இறக்குமிடத்தில் எண்ணிப் பார்த்துச் சீட்டோடு ஒத்துப் போகவில்லையென்றால் சரக்கை ஏற்பதில்லை. அதைப் போலவே கணக்கு ஒத்துப் போகாத செய்தியைக் கருவி தள்ளி விடும், பதிலும் சொல்லாது. தலைமைக் கருவி சற்றுப் பொறுத்திருந்து மறுபடியும் கேட்கும்.

எடுத்துக்காட்டாக, கிணற்று நீர்மட்டக் கருவிக்கு 5 என்று எண் கொடுத்திருக்கிறோம். ‘5ஆம் எண், உன் முதல் அறையில் உள்ளதைச் சொல்’ என்று பெட்டி கேட்கிறது. ‘5ஆம் எண் பேசுகிறேன், 1240’ என்று பதில் வருகிறது. 1240 என்பது 12.40 மீட்டரா, 124.0 மீட்டரா? அறையில் முழு எண் மட்டுமே இருப்பதால், புள்ளி எங்கே வைப்பது என்பதைக் கருவி செய்தவர் கொடுக்கும் அறைப் பட்டியலைப் பார்த்துத்தான் அறிய முடியும். அந்தப் பட்டியல் இல்லாத கருவி, பெயர்ப் பலகை இல்லாத மருந்துப் புட்டியைப் போன்றது.

கேள்வியும் பதிலும் சேர்ந்து இதில் 15 எழுத்துகள். விநாடிக்கு 9,600 துணுக்குகள் என்ற வேகத்தில் அவை கம்பியில் போய்வர ஏறத்தாழ 17 மில்லி விநாடி ஆகும். இடைவெளியையும் கருவி யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தாலும், இருபது கருவிகளை ஒரு சுற்று விசாரிக்க ஒன்று அல்லது இரண்டு விநாடிகள் போதும். பாசனத்திற்கு இந்த வேகம் தாராளம்.

இரு கம்பிகள் எதற்கு?

ஆர்.எஸ். 485 முறையில் ஏ, பி என்று இரு கம்பிகள் உண்டு. செய்தி, ஒரு கம்பியில் எவ்வளவு மின்னழுத்தம் உள்ளது என்பதில் இல்லை; இரண்டிற்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. நுகத்தடியில் பூட்டிய இரு மாடுகளும் சேர்ந்து மேட்டில் ஏறினால் நுகத்தடியும் உயருமே தவிர அதன் சாய்வு மாறாது. ஒரு மாடு மட்டும் ஏறினால்தான் சாயும். அவ்வாறே, பக்கத்தில் ஓடும் மோட்டாரின் இரைச்சல் மின்சாரம் இரு கம்பிகளையும் சமமாகப் பாதிப்பதால் வித்தியாசம் மாறுவதில்லை, செய்தியும் கெடுவதில்லை. இரு கம்பிகளும் ஒரே அளவில் பாதிக்கப்பட வேண்டுமானால் அவை ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டு விளக்குக்குப் போடும் சாதாரணக் கம்பியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதன் காரணம் இதுவே.

கம்பி இழுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மாலை கட்டுவதைப் போல ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு என்று ஒரே வரிசையாகக் கொண்டு செல்லுங்கள். நடுவிலிருந்து நாலா பக்கமும் நீண்ட கிளைகள் பிரிப்பது கூடாது. கிளை பிரித்தே ஆக வேண்டுமானால் அது மிகக் குட்டையாக இருக்கட்டும்.

2. குறைந்த வேகத்தில் மொத்த நீளம் 1,200 மீட்டர் வரை போகலாம். வேகத்தைக் கூட்டக் கூட்டத் தூரம் குறையும். தரத்தின்படி ஒரு தடத்தில் 32 கருவிகள் வரை சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் இடையே செய்தியை வாங்கி மறுபடியும் அனுப்பும் ரிப்பீட்டர் வைக்க வேண்டும்.

3. தடத்தின் இரு முனைகளிலும், இரு முனைகளில் மட்டுமே, ஏ கம்பிக்கும் பி கம்பிக்கும் இடையே 120 ஓம் மின்தடை ஒன்றைப் பொருத்த வேண்டும். தொட்டியில் கல் எறிந்தால் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த அலையைக் குழப்புகிறது. சரிவான மணற்கரையானால் அலை அங்கேயே அடங்கி விடுகிறது. முனையிலுள்ள 120 ஓம் மின்தடைதான் அந்த மணற்கரை. சிறிய தூரத்தில் இது இல்லாமலும் அமைப்பு ஓடக்கூடும். அதனாலேயே பலர் இதை விட்டு விடுகின்றனர். பிற்பாடு தடத்தை நீட்டும்போது தொல்லை தொடங்குகிறது.

4. மோட்டாருக்குச் செல்லும் மின் கேபிளும் பேச்சுக் கம்பியும் ஒரே குழாயில் போகக் கூடாது. குறிப்பாக, டிரைவிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கேபிள் அதிக இரைச்சல் தரும். குறைந்தது ஓர் அடியாவது விலக்கி இழுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

5. கம்பியைச் சுற்றியுள்ள உலோகக் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த்துடன் இணைப்பது நல்லது. இரு முனைகளிலும் இணைத்தால், இரு இடங்களின் எர்த் மின்னழுத்தம் வேறுபடும்போது கவசத்திலேயே மின்னோட்டம் ஓடக்கூடும்.

6. திறந்தவெளியில் நீளமாகச் செல்லும் கம்பிக்கு இடி மின்னலே பெரிய எதிரி. மின்னல் அருகில் விழுந்தாலே கருவியின் பேச்சுப் பகுதி எரிந்து போகலாம். கொட்டகையிலும் கடைசி முனையிலும் மின்னல் தடுப்பான் வைத்து, அதற்கு நல்ல எர்த் கொடுங்கள்.

7. கேபிளைக் குழாய்க்குள் விட்டு, மண்வெட்டியும் கலப்பையும் எட்டாத ஆழத்தில் புதையுங்கள். அது செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து கொட்டகையில் ஒட்டி வையுங்கள்.

கம்பி மௌனமானால் என்ன நடக்கும்?

இப்பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுவே. கோடையில் ஒரு தென்னந்தோப்பிற்குச் சென்றிருந்தோம். அங்கு நடந்ததைத் தோப்புக்காரர் வருத்தத்துடன் கூறினார். அவர் உறவினர் திருமணத்திற்காக வெளியூர் போயிருந்த நாளில், மரத்திற்கு வட்டப்பாத்தி எடுத்தவரின் மண்வெட்டி பட்டுப் பேச்சுக் கம்பி அறுந்து விட்டது. அது யாருக்கும் தெரியவில்லை. டிரைவுக்குக் கடைசியாக வந்த ஆணை ‘ஓடு’ என்பது. ‘நில்’ என்ற ஆணை அறுந்த கம்பியைத் தாண்டி வரவில்லை. கிணற்று நீர்மட்டம் இறங்கிவிட்ட செய்தியும் அதே கம்பியில்தான் வரவேண்டும், அதுவும் வரவில்லை. மோட்டார் விடிய விடியத் தண்ணீரின்றி ஓடிக் காயில் எரிந்தது. மோட்டாரை வெளியே எடுத்துக் காயில் கட்டிப் பொருத்தும் வரை தோப்புக்குத் தண்ணீர் இல்லை. இளங்கன்றுகள் சில பட்டுப்போயின.

அங்கே கருவிகளில் குற்றமில்லை. ‘கேட்டால்தான் பேசு’ என்ற விதிப்படி அவை நடந்து கொண்டன. கேட்பவரே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று அவற்றிற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. நீர்க்கட்டி வராத நாளில் மடை திறந்தே கிடப்பதா, அடைபட்டிருப்பதா என்பதை முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். அதற்கு நான்கு ஏற்பாடுகள் தேவை.

முதலாவது, மோட்டாரைக் காக்கும் வேலையைப் பேச்சுக் கம்பியிடம் ஒப்படைக்காதீர்கள். தண்ணீரின்றி ஓடுவதைத் தடுக்கும் கருவி, அதிக மின்னோட்டத்தில் நிறுத்தும் ரிலே, ஒரு முனை போனால் நிறுத்தும் கருவி ஆகியவை ஸ்டார்ட்டரோடு நேரடிக் கம்பியில் இணைந்திருக்க வேண்டும். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும்.

இரண்டாவது, டிரைவிலும் வால்வுக் கருவியிலும் ‘இத்தனை விநாடிகள் செய்தி வரவில்லையென்றால் நீயே நின்றுவிடு’ என்று அமைக்க இடமுண்டு. பல கருவிகளில் இது ஆலையிலிருந்து வரும்போது செயல்படாத நிலையில் இருக்கும். பொருத்துபவரிடம் சொல்லி 30 அல்லது 60 விநாடி என்று அமைக்கச் செய்யுங்கள்.

மூன்றாவது, மின்சாரம் நின்றால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று. கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும் வால்வு மற்றொன்று. இரண்டும் விற்பனைக்கு உண்டு. உங்களுக்கு எது வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

நான்காவது, நிற்கும் வரிசை. முதலில் மோட்டார் நிற்க வேண்டும். பிறகே வால்வுகள் மூட வேண்டும். மோட்டார் ஓடும்போது எல்லா வால்வுகளும் மூடிக்கொண்டால் குழாய் வெடிக்கக்கூடும். அழுத்தம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு ஒன்றும் நேரடிக் கம்பியில் இருக்கட்டும்.

ஆனால், எல்லாப் பண்ணைக்கும் ‘நின்றுவிடு’ என்பதே பத்திரமான ஆணை என்று எண்ணிவிடக் கூடாது. மூடிய கோழிக் கொட்டகையில் மின்விசிறி நின்றால் சிறிது நேரத்தில் கோழிகள் வெப்பத்தால் மடியத் தொடங்கும். அங்கே கம்பி மௌனமானால் விசிறி ஓடியே ஆக வேண்டும். அலாரமும் அடிக்க வேண்டும். எது நின்றால் நட்டம், எது ஓடினால் நட்டம் என்று உங்கள் பண்ணையில் ஒவ்வொரு கருவிக்கும் எழுதிப் பாருங்கள். இதை விற்பனையாளர் உங்களைவிட நன்றாக அறிய முடியாது.

பழுதைக் கண்டறியும் எளிய வழி

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் தடத்தின் நலத்தை நீங்களே சோதிக்கலாம். முதலில் அமைப்பு முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு கொட்டகையில் ஏ கம்பிக்கும் பி கம்பிக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள்.

60 முதல் 70 வரை காட்டினால்: இரு முனை மின்தடைகளும் சரியாக உள்ளன, கம்பியும் முழுமையாக உள்ளது.

120 அளவில் காட்டினால்: ஒரு மின்தடை மட்டுமே தெரிகிறது. கடைசி முனையில் மின்தடை வைக்கவில்லை, அல்லது கம்பி வழியில் அறுந்திருக்கிறது.

40 அளவில் காட்டினால்: தேவைக்கு மேல் மூன்றாவது மின்தடை எங்கோ சேர்ந்திருக்கிறது. சில கருவிகளுக்குள்ளேயே சிறு சுவிட்சுடன் மின்தடை இருக்கும். நடுவிலுள்ள கருவியில் அதை அணைத்து வையுங்கள்.

பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால்: இரு கம்பிகளும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன.

மேலும் சில அறிகுறிகள் வருமாறு:

எல்லாக் கருவிகளும் பேசி, புதிதாகச் சேர்த்த ஒன்று மட்டும் பேசாவிட்டால், அதன் ஏ, பி கம்பிகள் மாறியிருக்கலாம். எது ஏ, எது பி என்பதை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி குறிப்பதில்லை. மாற்றிப் பொருத்திப் பாருங்கள். வேகமும் மற்ற அமைப்புகளும் தலைமைக் கருவியோடு ஒத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இரு கருவிகள் மாறி மாறித் தொல்லை கொடுத்தால், இரண்டிற்கும் ஒரே எண் கொடுக்கப்பட்டிருக்கலாம். ஒரு பெயரை அழைத்தால் இருவர் ஒரே நேரத்தில் பதில் சொல்வதைப் போன்றது இது.

மோட்டார் ஓடும்போது மட்டும் பேச்சு தடைப்பட்டால், கம்பி மின் கேபிளுக்கு மிக அருகில் போகிறது. அல்லது கவசத்தின் எர்த் சரியில்லை.

மற்ற முறைகள்

மோட்பஸ் ஒன்றே வழியல்ல. கேன் முறையில் நீர்க்கட்டி கிடையாது. எந்தக் கருவியும் தானே பேசத் தொடங்கலாம். இரண்டு ஒரே நேரத்தில் தொடங்கினால், சிறிய எண் கொண்ட செய்தி தடையின்றிச் செல்லும். பெரிய எண் கொண்டது தானாக ஒதுங்கி நின்று பிறகு முயலும். அவசரச் செய்தி காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் வாகனங்களுக்கு இது ஏற்றது. டிராக்டரும் அதன் பின்னால் பூட்டும் விதைப்பான், தெளிப்பான் போன்ற கருவிகளும் பேசிக்கொள்வதற்கான ‘ஐசோபஸ்’ என்ற பன்னாட்டுத் தரம் இந்தக் கேன் முறையின் மேல்தான் அமைந்துள்ளது. ஆலைகளில் புரொஃபிபஸ் போன்ற வேகமான முறைகள் உள்ளன.

ஒரே முறையை உலகம் முழுவதற்கும் வைத்துவிட வேண்டுமென்று நெடுநாள் முயன்றார்கள். நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டுத் தரத்திலேயே ஒன்றோடொன்று பேச முடியாத எட்டு வகைகள் இடம் பெற்றன. இதில் நமக்கொரு பாடம் உண்டு. கம்பி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. மொழியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இக்கருவி எந்த மொழியில் பேசுகிறது? மோட்பஸ் போன்ற பொது மொழியா, உங்கள் நிறுவனத்தின் தனி மொழியா? தனி மொழியானால், பின்னாளில் ஒரு வால்வு பழுதானாலும் அவர்களிடமே, அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டிவரும்.

2. அறைப் பட்டியலை எழுத்தில் தருவீர்களா? ‘பிறகு தருகிறோம்’ என்றால் பணத்தையும் பிறகே தருவதாகச் சொல்லுங்கள்.

3. கம்பி அறுந்தால் மோட்டார் என்ன செய்யும், வால்வு என்ன செய்யும்? அமைப்பைப் பொருத்தி முடித்த அன்றே, உங்கள் முன்னிலையில் பேச்சுக் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இந்தச் சோதனை முடியாமல் முழுத் தொகையையும் கொடுத்து விடாதீர்கள்.

4. கைப்பேசி வழியாக இயக்கும் வசதி இருந்தால், அதற்குக் கடவுச்சொல் உண்டா? சாதாரண மோட்பஸ் மொழியில் ‘நீ யார்’ என்று கேட்கும் வழக்கமே இல்லை. தடத்தில் நுழைந்த எவருடைய ஆணையையும் கருவி ஏற்றுக்கொள்ளும். எனவே வெளியுலகோடு இணைக்கும் பெட்டியில் காவல் இருக்க வேண்டும். ஆலையில் வைத்த கடவுச்சொல்லை அன்றே மாற்றி விடுங்கள்.

5. தானியங்கி பழுதானால் கையால் இயக்க வழி உண்டா? மோட்டாருக்கும் ஒவ்வொரு வால்வுக்கும் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

யாருக்கு இது தேவையில்லை?

இரண்டு ஏக்கரில் இரண்டு வால்வு வைத்திருப்பவருக்கு இத்தனை ஏற்பாடுகள் தேவையில்லை. நேரம் வைத்து நிறுத்தும் டைமரும், நேரடிக் கம்பியும், நல்ல மோட்டார் பாதுகாப்புக் கருவியுமே போதும். வால்வுகள் பெருகி, தூரம் கூடி, நீர்மட்டம், மண் ஈரம், உரக்கலவை என்று பல அளவுகளை ஒரே இடத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டிய தோட்டங்களுக்கே பொதுத் தடம் இலாபம் தரும். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறதே என்பதற்காக வாங்க வேண்டாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

ஒரே வரிசையான கம்பி. இரு முனைகளில் 120 ஓம். கருவிக்கு ஒரு தனி எண். எல்லாவற்றிற்கும் ஒரே வேகம். அறைப் பட்டியல் கையில். மோட்டார் பாதுகாப்பு நேரடிக் கம்பியில். கம்பி மௌனமானால் நடக்க வேண்டியது முன்கூட்டியே அமைக்கப்பட்டிருத்தல். இந்த ஏழும் சரியாக இருந்தால் இரவில் வரப்பில் நடக்கும் வேலை குறையும். வெளியூர் போனாலும் மன நிம்மதியோடு இருக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. 4 முதல் 20 மில்லி ஆம்பியர் முறையில் பூச்சிய மின்னோட்டம் எதைக் குறிக்கும்?

2. மின்சாரத்தை நிறுத்தி அளந்தபோது ஏ, பி கம்பிகளுக்கிடையே 120 ஓம் காட்டியது. என்ன பழுதாக இருக்கலாம்?

3. மோட்டார் நிற்பதற்கு முன் வால்வுகள் மூடினால் என்ன நேரும்?

4. உங்கள் தோட்டத்திலோ பண்ணையிலோ உள்ள கருவிகளைப் பட்டியலிட்டு, பேச்சு நின்றால் ஒவ்வொன்றும் நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா என்று எழுதுக. அப்பட்டியலை மோட்டார் கொட்டகையின் கதவில் ஒட்டி வைக்கவும்.